வைரங்களுக்கு நடுவே பூமியின் மையம்

பூமியின் மையத்தில் அழுத்தம், தரைமட்டக் காற்றழுத்தத்தைப் போல ஏறத்தாழ 36 லட்சம் மடங்கு. அங்கே போக வழியில்லை. ரஷ்யாவின் கோலா தீபகற்பத்தில் ஆண்டுக்கணக்கில் துளையிட்டும் 12,262 மீட்டரோடு நின்றுவிட்டார்கள். ஆனால் அந்த அழுத்தத்தை மேசைமேல் உண்டாக்கலாம். அதற்கான கருவி உள்ளங்கையில் அடங்கிவிடும்.

அதுதான் வைர அடைகல். பட்டை தீட்டிய இரண்டு வைரங்களின் முனைகளைச் சமதளமாகத் தேய்த்து எதிரெதிரே பொருத்துகிறார்கள். இடையே ஒரு மெல்லிய உலோகத் தகடு. அதில் ஒரு நுண்துளை. ஆராய வேண்டிய பொருள் அந்தத் துளைக்குள். பிறகு திருகுகளைக் கையால் முறுக்கினாலே போதும். விசை சிறியதுதான். அது விழும் பரப்போ தலைமுடியின் குறுக்களவுதான் என்பதால் அழுத்தம் எகிறுகிறது.

1950களின் இறுதியில் அமெரிக்க அரசின் தர அளவைக் கழகத்தில் ஆல்வின் வான் வால்கன்பர்க்கும் சகாக்களும் இதை உருவாக்கினார்கள். வைரத்துக்கு எங்கே போவது? கடத்தல்காரர்களிடம் அரசு பறிமுதல் செய்த கற்கள் கைகொடுத்தன.

வைரத்தின் உறுதியைவிட அதன் தெளிவே பெரிய கொடை. அதனூடே நுண்ணோக்கியில் பார்க்கலாம், லேசரால் சூடாக்கலாம், எக்ஸ் கதிரைச் செலுத்தி அணுக்களின் அடுக்கை அறியலாம். சுமார் 10,000 மடங்கு அழுத்தத்தில், அறை வெப்பத்திலேயே தண்ணீர் பனிக்கட்டியாவதைக் கண்ணால் காணலாம்! 1972 முதல், துளைக்குள் ஒரு மாணிக்கத் துகளைப் போட்டு, அது உமிழும் சிவப்பொளியின் அலைநீளம் எவ்வளவு நகர்கிறது என்பதை வைத்தே அழுத்தத்தை அளக்கிறார்கள்.

ஜப்பானின் கெய் ஹிரோசே குழு 2004இல், பூமியின் மேலோட்டுக்கும் கருவுக்கும் இடையிலுள்ள மூடகத்தின் கீழ்ப்பகுதியில் நிறைந்திருக்கும் முதன்மைக் கனிமத்தை 12 லட்சம் மடங்கு அழுத்தத்தில் நசுக்கிச் சூடாக்கியது. அணுக்கள் புது அடுக்குக்கு மாறின. சுமார் 2,700 கிலோமீட்டர் ஆழத்தில் நிலநடுக்க அலைகளின் வேகம் திடீரென மாறுவது ஏன் என்ற நெடுநாள் புதிருக்கு அதில் விடை கிடைத்தது. 2010இல் அதே குழு இரும்பை 37 லட்சம் மடங்கு அழுத்தத்துக்கும் 5,000 டிகிரிக்கு மேற்பட்ட வெப்பத்துக்கும் கொண்டுபோனது. பூமியின் உட்கருவின் நிலை அது.

அந்த மூடகக் கனிமம்தான் பூமியில் மிக அதிகமாக இருப்பது. ஆனாலும் 2014 வரை அதற்குப் பெயரே இல்லை. இயற்கை மாதிரி ஒன்றை ஆராயாமல் கனிமத்துக்குப் பெயர் சூட்ட விதிகள் இடம் தருவதில்லை. மேலே வந்தால் அதுவோ நிலைக்காது. கடைசியில் 1879இல் ஆஸ்திரேலியாவின் டென்ஹாமில் விழுந்த விண்கல்லில், பண்டைய மோதல் ஒன்றின் அதிர்ச்சியில் உண்டான நுண்துகள்களாக அது அகப்பட்டது. உயர் அழுத்த ஆய்வுக்காக 1946இல் நோபல் பரிசு பெற்ற பெர்சி பிரிட்ஜ்மனின் நினைவாக அதற்கு பிரிட்ஜ்மனைட் என்று பெயரிட்டார்கள்.