கடலுக்குப் போனவர்களுக்கு யார் சொல்வது?

ஆலந்தலையிலிருந்து கூடங்குளம் அணுமின் நிலையம் ஏறத்தாழ 50 கி.மீ. அங்கே அவசரகாலத் திட்டம் போட்டிருப்பது உலையைச் சுற்றி 16 கி.மீ. வரைக்கும்தான். நமக்கென்ன என்று இருந்துவிட முடியாது. ஃபுகுஷிமா விபத்தின்போது, உலையிலிருந்து சுமார் 40 கி.மீ. தள்ளியிருந்த ஈதாதே கிராமத்தில் காற்றும் மழையும் கதிரியக்கத்தைக் கொண்டுவந்து சேர்த்தன. 2011 ஏப்ரலில் அந்த ஊரையும் காலிசெய்யச் சொன்னார்கள்.

கதிரியக்கத்தைத் தடுக்கும் கடைசி அரண், உலையை மூடியிருக்கும் கான்கிரீட் கவசக் கட்டடம். குளிர்விக்க வழியில்லாமல் எரிபொருள் உருகி, உள்ளழுத்தம் தணியாத நிலையில் உலைக்கலனின் அடிப்பாகம் உடைந்தால், உருகிய குழம்பு பீய்ச்சியடித்துப் பொடிப்பொடியாகச் சிதறும். கட்டடத்துக்குள் இருக்கும் காற்று நொடிகளில் கடுமையாகச் சூடேறி அழுத்தம் கூடும். ஹைட்ரஜனும் உண்டாகி எரியும். அமெரிக்காவின் சாண்டியா ஆய்வகம் இதைச் சோதித்துப் பார்த்தது. அணு எரிபொருளுக்குப் பதில், தண்டவாளங்களை ஒட்டவைக்கப் பயன்படும் தெர்மிட் வகைக் கலவையை உருக்கி, சயன் அணுமின் நிலையத்தின் பத்தில் ஒரு பங்கு மாதிரிக்குள் நீராவியால் பாய்ச்சினார்கள். கீழறைச் சுவர்களே குழம்பின் பெரும்பகுதியைப் பிடித்துக்கொண்டதால் அழுத்தம் பயந்த அளவுக்கு ஏறவில்லை. ஆனால் இது அறைகளின் அமைப்பைப் பொறுத்த விஷயம். ஒரு உலைக்குக் கிடைத்த நற்சான்று இன்னொன்றுக்குச் செல்லாது.

கூடங்குளத்தில் இரட்டைக் கவசமும், உருகிய எரிபொருளை ஏந்தும் கலனும், ஹைட்ரஜனை நீராக்கும் கருவிகளும் உண்டு. நல்ல ஏற்பாடுகள்தான். அவை எப்படிச் சோதிக்கப்பட்டன என்று கேட்க நமக்கு உரிமை இருக்கிறது. 1, 2 உலைகளின் பாதுகாப்பு ஆய்வறிக்கையை, வணிக ரகசியங்களை நீக்கிவிட்டுத் தரும்படி மத்திய தகவல் ஆணையம் 2012 ஏப்ரலில் உத்தரவிட்டது; அணுமின் கழகம் அதை எதிர்த்து தில்லி உயர் நீதிமன்றம் போனது. ஊருக்கு ஒளிக்க வேண்டிய அறிக்கையல்ல அது. உலையை இயக்க அனுமதித்த 2013 மே 6 தீர்ப்பிலேயே, அவசரகால ஒத்திகைகளைத் தவறாமல் நடத்தும்படி உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது.

எச்சரிக்கையைக் கரையில் இருப்பவர்களுக்கு ஒலிபெருக்கியில் சொல்லிவிடலாம். விடியுமுன் கடலுக்குப் போன வள்ளங்களுக்கு யார் சொல்வது? எந்தக் கரையில் ஒதுங்குவது? ஊர்க் கமிட்டி இதை ஆட்சியரின் மீனவர் குறைதீர் கூட்டத்தில் மனுவாகக் கொடுத்து, ரசீது வாங்க வேண்டும். பதில் வராவிட்டால் 10 ரூபாய்க் கட்டணத்தில் தகவல் உரிமை மனு போடலாம். 30 நாளில் பதில் தந்தாக வேண்டும், தராவிட்டால் மேல்முறையீடு உண்டு.

எச்சரிக்கை வந்தால் கதவு ஜன்னலை அடைத்து வீட்டுக்குள் இருங்கள். வெளியே காயும் கருவாட்டை எடுக்க ஓடாதீர்கள். அயோடின் மாத்திரை தைராய்டை மட்டுமே காக்கும். அதிகாரிகள் சொல்லும்போது மட்டும் போடுங்கள். விபத்துக்குப் பிறகு எந்தச் சட்டத்தின் கீழ் இழப்பீடு கேட்டாலும் தொழில் நட்டத்துக்கு ஆதாரம் கேட்பார்கள். படகுப் பதிவுச் சான்றின் நகலையும் ஏலச் சீட்டுகளையும் இப்போதிருந்தே சேர்த்து வையுங்கள்.