ஓய்வூதியத்தைக் கடனுக்கு ஜப்தி செய்ய முடியாது

சித்தன்னவாசல் சுற்றுவட்டார நேயர்களுக்கு ஒரு தகவல். படையில் பணியாற்றி ஓய்வுபெற்றவரின் ஓய்வூதியத்தைக் கடன்காரருக்காக நீதிமன்றம் ஜப்தி செய்ய முடியாது. 1871-ஆம் ஆண்டின் ஓய்வூதியச் சட்டமும், உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 60-ஆவது பிரிவும் இதைத் தெளிவாகச் சொல்கின்றன. பணியில் இருக்கும் ராணுவ வீரரின் சம்பளத்துக்கு 1950-ஆம் ஆண்டின் ராணுவச் சட்டம் இதே காப்பைத் தருகிறது. இனி வரவேண்டிய ஓய்வூதியத்தை முன்கூட்டியே எழுதி வாங்கும் பத்திரமும் செல்லாது. ஆகவே, ஓய்வூதியப் புத்தகத்தையோ ஏடிஎம் அட்டையையோ ஈடாக வாங்கி வைத்துக்கொள்வதால் வட்டிக்காரருக்கு அந்த மாதப் பணத்தின் மீது சட்ட உரிமை வந்துவிடாது.

அப்படியானால் கடன் கொடுத்தவர் ஏமாற வேண்டியதுதானா என்று கேட்கலாம். இல்லை. கடன் தள்ளுபடி ஆவதில்லை. நிலம் போன்ற பிற சொத்துகள் மீது அவர் வழக்காடலாம். சட்டம் காப்பது, வீட்டில் உலை கொதிக்க வேண்டிய மாத வரவை மட்டுமே. வங்கிக்கு வந்துவிட்டால் அது வெறும் பணம்தானே என்ற வாதமும் நிற்காது. ஓய்வூதியம் வைப்புத்தொகையாக மாறினாலும் அதன் தன்மை மாறாது என்று உச்ச நீதிமன்றம் 2008-இல் தீர்ப்பளித்திருக்கிறது. எனவே நோட்டீஸ் வந்தால் அஞ்ச வேண்டாம். புதுக்கோட்டையில் உள்ள முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தையும் மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுவையும் உடனே அணுகுங்கள்.