ஒழுகும் குழாயும் வெந்நீர்க் கலமும்

குழாய் ஒழுகுகிறது என்று யாரேனும் சொன்னால் நாம் திடுக்கிடுவதில்லை. கூரை ஒழுகினால் பதறுகிறோம். குடம் ஒழுகினால் உடனே ஈயம் பூச எடுத்துச் செல்கிறோம். குழாய் ஒழுகினால் மட்டும் அதன் கீழ் ஒரு வாளியை வைத்துவிட்டுத் தூங்கப் போய்விடுகிறோம். நானும் பல நாள் அப்படிச் செய்தவனே. ஒருநாள் இரவு 10 மணிக்கு வைத்த வாளியைக் காலை 6 மணிக்கு எடுத்து அளந்து பார்த்தேன். 4 லிட்டர் நீர் இருந்தது. அப்படியானால் ஒரு நாளைக்கு 12 லிட்டர். ஓர் ஆண்டுக்கு 4,380 லிட்டர்.

இந்தக் கணக்கை நான் சென்னையில் இருந்துகொண்டு போட்டேன் என்பதையும் சொல்லவேண்டும். 2019ஆம் ஆண்டுக் கோடையில் இந்நகருக்கு நீர் தரும் ஏரிகள் வறண்டு போயின. அவ்வாண்டு ஜூலை மாதம் ஜோலார்பேட்டையிலிருந்து வில்லிவாக்கத்துக்கு 50 வாகன்கள் கொண்ட ரயில் வண்டியில் தண்ணீர் வந்தது. ஒரு நடைக்கு 25 லட்சம் லிட்டர். என் வீட்டுக் குழாயைப் போல 600 வீடுகளில் ஒவ்வொன்று ஒழுகினால், ஓராண்டில் அந்த ரயில் ஒரு நடையில் கொண்டுவந்ததைவிடச் சற்று அதிகமான நீர் சாக்கடைக்குப் போய்விடும். இதை உணர்ந்த பின் எனக்கு வாளி வைத்துத் தூங்க மனம் வரவில்லை. குழாய் பழுது பார்ப்பவருக்குச் சொல்லி அனுப்பினேன். அவர் வருவதாகச் சொன்ன நாள்கள் மூன்று கடந்தன. நாமே பார்த்தால் என்ன என்று துணிந்தேன்.

திருகிமூடும் குழாய் என்பது மிக எளிய கருவி. இங்கிலாந்தில் ராதரம் என்னும் ஊரிலிருந்த ஒரு பித்தளைப் பட்டறையார் 1845ஆம் ஆண்டு இதற்கு உரிமை பெற்றனர். அதன் உள்ளமைப்பு அன்றுமுதல் பெரிதும் மாறவில்லை. குழாயின் வயிற்றில் நீர் மேலெழுந்து வரும் ஒரு வட்டத் துளை உண்டு. அத்துளையின் விளிம்பைப் பீடம் என்று கொள்வோம். அதன்மேல் ஒரு சிறு ரப்பர் வட்டு அமர்கிறது. அதையே வாஷர் என்கிறோம். கைப்பிடியைத் திருகும்போது மரையுள்ள தண்டு கீழே இறங்கி, வாஷரைப் பீடத்தின்மேல் அழுத்துகிறது, நீர் நிற்கிறது. நாள்பட்ட ரப்பர் கெட்டியாகி, ஓரத்தில் பள்ளம் விழுந்துவிட்டால், பீடத்தோடு ஒட்டாது. இடைவெளி வழியே நீர் கசியும். அப்போது நாம் செய்வது என்ன? பலம்கொண்ட மட்டும் இறுக்குகிறோம். ரப்பர் இன்னும் நசுங்குகிறது. சில நாளில் பித்தளை பித்தளையோடு உரசிப் பீடமே தேய்கிறது. சில ரூபாயில் முடிய வேண்டிய வேலை, குழாயையே மாற்றும் வேலையாக வளர்வது இப்படித்தான்.

பழுது பார்ப்பதற்கு ஒரு திருகுசாவியும், ஒரு திருப்புளியும், ஒரு பழந்துணியும் போதும். முதலில் மேல்தொட்டியிலிருந்து வரும் வால்வை மூடிவிட்டுக் குழாயைத் திறந்து, உள்ளே தேங்கிய நீர் முழுவதும் வடியவிட வேண்டும். இதை மறந்து தலையைக் கழற்றியவர் வீட்டில் நடப்பதை நான் விவரிக்க வேண்டுவதில்லை. சாக்கடைத் துளையைத் துணியால் மூடுக. கைதவறிய திருகாணி வேறெங்கும் போகாது, நேரே அங்கேதான் போகும். பிறகு குழாயின் உடலை ஒரு கையால் அசையாது பிடித்துக்கொண்டு, தலையை இடப்புறமாகத் திருகிக் கழற்றலாம். உள்ளே வாஷரைத் தாங்கிய சிறு தண்டு இருக்கும். பழைய வாஷரைக் கடைக்கே எடுத்துச் சென்று அதே அளவில் வாங்குவது நல்லது. பீடத்தை விரலால் தடவிப் பாருங்கள். சொரசொரப்பு இருந்தால் புது வாஷரும் நெடுநாள் நில்லாது. திரும்பப் பூட்டுமுன் கைப்பிடியைத் திறந்த நிலையில் வைக்கவேண்டும். இல்லாவிட்டால் தலை முழுதும் இறங்குவதற்குள் வாஷர் பீடத்தில் முட்டிக் கிழிந்துவிடும். இந்த ஒரு நுணுக்கத்தை அறியாமல் நான் முதல் வாஷரை வீணாக்கினேன்.

கால் திருப்பில் திறந்து மூடும் இக்காலக் குழாய்கள் பலவற்றில் ரப்பருக்குப் பதிலாகப் பீங்கான் தகடுகள் இரண்டு ஒன்றன்மேல் ஒன்று வழுக்குகின்றன. அவை ஒழுகினால் உள்ளிருக்கும் உறுப்பை முழுதாக மாற்றுவதே வழி.

இரண்டாம் வாஷரோடு குழாய் நின்றது. அன்றிரவு வீட்டில் நிலவிய அமைதி எனக்குப் பெரும் பெருமிதத்தைத் தந்தது. அந்தப் பெருமிதமே என்னை அடுத்த பிழைக்கு இழுத்துச் சென்றது.

எங்கள் குளியலறைச் சுவரில் 25 லிட்டர் கொள்ளும் மின்சார வெந்நீர்க் கலம் ஒன்று இருக்கிறது. கீஸர் என்று எல்லோரும் அழைப்பது அதுவே. எங்கள் பாட்டி காலத்தில் தாமிரப் பாய்லர் இருந்தது. நடுவில் புகைபோக்கியும் அடியில் கரியும் கொண்ட அந்தப் பாத்திரம் நன்றாகத் திட்டமிட்ட பொருளே. நெருப்புக் குழல் நீரின் நடுவே செல்வதால் உஷ்ணம் எல்லாப் பக்கமும் நீருக்கே போகும். மேலே ஊற்றுகிற வாய் எளிதில் தூக்கக்கூடிய மூடியோடு இருந்ததால், நீர் எவ்வளவு கொதித்தாலும் ஆவி வெளியேற வழியுண்டு. இன்றைய கலமோ நான்கு பக்கமும் அடைத்த பெட்டி. அதன் அடியிலிருந்து ஒரு சிறு குழல் நீட்டிக்கொண்டிருக்கும். கலம் சூடேறும்போதெல்லாம் அதிலிருந்து சொட்டுச் சொட்டாக நீர் விழுந்தது. ஒழுகல் என்றாலே பகையென்று எண்ணியிருந்த நான், வெள்ளை நாடாவைச் சுற்றி ஒரு மூடியைத் திருகி, அந்தக் குழலை இறுக அடைத்துவிட்டேன்.

மூன்றாம் நாள் வெந்நீர்க் குழாய் ஒழுகத் தொடங்கியது. வாஷரை மாற்றினேன். ஒரு வாரத்தில் மீண்டும் ஒழுகியது. ரப்பர் மட்டம் என்று கடைக்காரரை நொந்துகொண்டு மறுபடியும் மாற்றினேன். பிறகு கலத்தின் மேலிணைப்பிலும் ஈரம் தெரிந்தது. அப்போதுதான் முன்பு வருவதாகச் சொன்ன முதியவர் வேறு வேலையாக எங்கள் தெருவுக்கு வந்தார். அவரை உள்ளே அழைத்தேன். அவர் வெந்நீர்க் குழாயைப் பார்க்கவே இல்லை. அண்ணாந்து கலத்தின் அடியைப் பார்த்தார்.

“ஐயா, இந்த மூக்கை அடைத்தது யார்?” என்றார்.

“நான்தான்” என்றேன்.

“முதலில் மின்சாரத்தை நிறுத்துங்கள். இதன் கீழ் யாரும் நிற்கவேண்டாம்” என்று சொல்லிவிட்டு, வெந்நீர்க் குழாயைத் திறந்துவிட்டார். கலம் ஆறும்வரை திண்ணையில் உட்கார்ந்திருந்தார். அதன் பிறகே மூடியைக் கழற்றினார். என் தமக்கையின் மகள் பத்து வயதுப் பெண். நாள்தோறும் அந்தக் கலத்தின் அடியில் நின்றுதான் குளிப்பாள். அந்தத் திண்ணையில் நானும் உட்கார்ந்திருந்தேன், பேச்சு எழவில்லை.

நான் செய்தது என்னவென்று மாணவர்கள் எளிதில் கணக்கிடலாம். நீர் சூடேறினால் பெருகும். 25 லிட்டர் நீர் 25 டிகிரி சென்டிகிரேடிலிருந்து 65 டிகிரிக்கு ஏறும்போது ஏறக்குறைய 400 மில்லி லிட்டர் மிகுதியாகிறது. இரண்டு தம்ளருக்குக் குறையாது. தொட்டிக்குத் திரும்பும் வழி திறந்திருந்தால் அந்நீர் அங்கே ஏறிவிடும். எங்கள் கலத்தில் குளிர்நீர் நுழையும் இடத்தில் ஒருவழி வால்வு உண்டு. உள்ளே போன நீர் திரும்பாது. வெந்நீர்க் குழாயும் மூடியிருக்கிறது. நீரோ அழுத்தினால் சுருங்காத பொருள். எஞ்சிய ஒரே வழி அந்தச் சிறு குழல். அழுத்தம் அளவு கடந்தால் அங்கிருக்கும் காப்பு வால்வு தானே திறந்து, மிகுந்த நீரை வெளியே விடும். நான் அடைத்தது அதையே. வழியற்ற நீர் வெந்நீர்க் குழாயின் வாஷர்களை ஒவ்வொன்றாகப் பிதுக்கிக்கொண்டு வந்தது. பாவம், கடைக்காரர்மீது குற்றமில்லை.

இதைவிடக் கொடியது ஒன்று உண்டு. சூட்டை அளந்து மின்சாரத்தை நிறுத்தும் தெர்மோஸ்டாட் பழுதாகிவிட்டால், நீர் சூடேறிக்கொண்டே போகும். திறந்த பாத்திரத்தில் அது 100 டிகிரியில் கொதித்து நின்றுவிடும். அடைத்த கலத்தில் அழுத்தம் கூடக் கூடக் கொதிநிலையும் உயரும். பிரஷர் குக்கரில் 120 டிகிரி அளவில் சமைப்பது இந்த விதியினால்தான். அந்நிலையில் கலம் எங்கேனும் பிளந்தால் அழுத்தம் சட்டென வீழும். உள்ளிருக்கும் நீரில் ஒரு பங்கு கணத்தில் ஆவியாகும். நீர் ஆவியானால் கொள்ளளவு 1,600 மடங்குக்கு மேல் விரியும். சுவரைத் தகர்க்க அது போதும். 1679ஆம் ஆண்டிலேயே டெனி பாப்பன் என்ற பிரெஞ்சு அறிஞர் தாம் அமைத்த அழுத்தப் பாத்திரத்துக்குக் காப்பு வால்வு ஒன்று பொருத்தினார். நம் குக்கரின் தலையில் ஆடும் குண்டு அதன் வழித்தோன்றலே.

அன்று முதியவர் கலத்தைத் திறந்து இன்னும் இரண்டு பொருள்களைக் காட்டினார். ஒன்று, வெப்பமூட்டும் கம்பியின்மேல் சுண்ணாம்புபோல் படிந்திருந்த வெள்ளைப் பாறை. எங்கள் ஆழ்துளைக் கிணற்று நீர் கடின நீர். அதில் கரைந்துள்ள கால்சியம் பைகார்பனேட் சூட்டில் சிதைந்து கால்சியம் கார்பனேட்டாகப் படிகிறது. பாறைக்குள் சிறைப்பட்ட கம்பி அளவுக்கு மீறிச் சூடேறி ஒருநாள் கருகிவிடும். கலத்துக்குள் படபடவென்று ஓசை கேட்டால் படிவம் சேர்ந்துவிட்டது என்று கொள்ளலாம். மற்றொன்று, விரல் தடிமனாக இருந்து நூலாக இளைத்துப்போன ஒரு மக்னீசியக் கோல். கலத்தின் இரும்பு துருப்பிடிக்காமல் அதற்காகத் தன்னை அரித்துக்கொள்ளும் கோல் அது. 1824இல் ஹம்ப்ரி டேவி, கப்பல்களின் அடியிலிருந்த செப்புத் தகட்டைக் காக்கத் துத்தநாகத்தைப் பிணைத்துச் சோதித்த முறையே இங்கும் பயன்படுகிறது. கோல் தீர்ந்தால் மாற்றவேண்டும். மாற்றாவிட்டால் கலமே அரிக்கத் தொடங்கும்.

மின்கம்பி உள்ள மூடியைத் திறக்கும் வேலையை மட்டும் நான் இன்றும் தொடுவதில்லை, மாணவர்களும் தொடவேண்டாம். மின் இணைப்பில் நில இணைப்பும், 30 மில்லி ஆம்பியர் கசிவிலேயே மின்னோட்டத்தைத் துண்டிக்கும் காப்புச் சாதனமும் இருக்கின்றனவா என்று வீட்டுப் பெரியவர்களைக் கேளுங்கள். வாளியில் தொங்கவிடும் மின்கோலைப் பற்றி ஒரு வார்த்தை: சுவிட்சை அணைத்து, செருகியைப் பிடுங்கிய பிறகே நீரைத் தொடவேண்டும். சூடாகிவிட்டதா என்று விரலை விட்டுப் பார்த்தவர்கள் உயிரிழந்திருக்கிறார்கள்.

செலவைக் குறைக்கும் வழிகளும் உண்டு. அந்த 25 லிட்டரை 40 டிகிரி உயர்த்த ஒரு யூனிட்டுக்குச் சற்று மேல் மின்சாரம் வேண்டும். 2 கிலோவாட் கலம் அதை ஏறக்குறைய 35 நிமிடத்தில் செய்துவிடும். ஆகவே விடியுமுன் போட்டுவிட்டு எட்டு மணிவரை மறந்திருக்கத் தேவையில்லை. கலத்துக்கும் குழாய்க்கும் இடையே 10 மீட்டர் தூரமிருந்தால், ஒவ்வொரு முறையும் ஒரு லிட்டருக்கு மேற்பட்ட ஆறிய நீரைக் கொட்டிய பிறகே வெந்நீர் வரும்; அந்தத் தூரத்தைக் குறைப்பதும், குழாய்க்கு நுரை ரப்பர் உறை இடுவதும் பயன் தரும். மாடியில் வெயில் விழும் வீடுகளுக்குச் சூரிய வெந்நீர்க் கருவி பொருந்தும். சூடான நீர் இலேசாகி மேலேறக் குளிர்ந்த நீர் கீழிறங்கும் என்ற விதியொன்றினாலேயே, மோட்டார் இன்றி, அதில் நீர் சுற்றிவருகிறது.

எங்கள் கலத்தில் இப்போது புதுக் காப்பு வால்வு இருக்கிறது. சூடேறும்போது மட்டும் சொட்டுகிறது. சூடேறாத நேரத்திலும் ஓயாமல் ஒழுகினால் வால்வு கெட்டது என்று தெரிந்துகொள்ளுமாறு முதியவர் சொல்லிப் போனார். அதன் கீழே என் தமக்கை மகள் ஒரு சிறு கிண்ணத்தை வைத்திருக்கிறாள். அதில் சேருகிற நீரை நாள்தோறும் மாலையில் கறிவேப்பிலைச் செடிக்கு ஊற்றுகிறாள்.