ஒரே நாளில் பதிவான கனம்

மின் கிதாரின் ஒலியை வேண்டுமென்றே கரகரப்பாக்கி, தாழ்ந்த சுரங்களில் நிலைகொண்டு, டிரம்ஸின் அடியைக் கனமாக இறக்கி வாசிக்கும் இசைவகைக்கு ஹெவி மெட்டல் என்று பெயர். இந்த வகை எந்த இசைத்தட்டில் தொடங்குகிறது என்று கேட்டால், இசை வரலாற்றாளர்களில் பெரும்பாலோர் சுட்டுவது 1970 பிப்ரவரி 13, வெள்ளிக்கிழமையன்று பிரிட்டனில் வெர்டிகோ நிறுவனம் வெளியிட்ட 'பிளாக் சப்பாத்' என்ற ஆல்பத்தைத்தான். குழுவின் பெயரும் அதுவே. முதல் பாட்டின் பெயரும் அதுவே. க்ரீம், லெட் செப்பலின் போன்ற குழுக்கள் அதற்கு முன்பே உரத்த ராக் இசையை வாசித்துக்கொண்டிருந்தன என்றாலும், அவற்றில் ப்ளூஸ் இசையின் துள்ளலும் காதல் வேட்கையுமே மேலோங்கி நின்றன. அச்சத்தை மையச் சுவையாக வைத்து, அதற்கேற்ற ஒலியையும் கண்டுபிடித்துத் தந்ததே இந்த ஆல்பத்தின் புதுமை.

இதை உருவாக்கிய நால்வரும், அதாவது கிதார் வாசித்த டோனி ஐயோமி, பேஸ் கிதார் வாசித்துப் பெரும்பாலான பாடல் வரிகளையும் எழுதிய கீசர் பட்லர், டிரம்ஸ் வாசித்த பில் வார்டு, பாடகர் ஆஸி ஆஸ்போர்ன் ஆகியோர், 1948, 1949 ஆம் ஆண்டுகளில் பிறந்து, பர்மிங்காம் நகரின் ஆஸ்டன் பகுதியில், போரில் குண்டு விழுந்து இடிந்த மனைகளுக்கும் தொழிற்சாலைப் புகைக்கும் நடுவே வளர்ந்தவர்கள். ஆஸ்போர்ன் ஆடுமாடு வெட்டும் கூடத்தில் வேலை பார்த்திருக்கிறார். ஐயோமி தகட்டு உலோகத் தொழிற்சாலையில் வேலை பார்த்தார்.

ஐயோமிக்குப் பதினேழு வயதிருக்கும்போது, அந்த வேலையை விட்டு விலகவிருந்த கடைசி நாளில், ஓர் இயந்திரம் அவருடைய வலக்கையின் நடுவிரல், மோதிர விரல் ஆகிய இரண்டின் நுனிகளையும் துண்டித்துவிட்டது. அவர் இடக்கைப் பழக்கமுள்ளவர் ஆதலால், கம்பிகளை அழுத்திச் சுரம் பிடிக்கும் கை அவருக்கு வலக்கையே. எனவே போனது வாசிப்புக்கு இன்றியமையாத விரல்நுனிகள். மனமுடைந்திருந்த அவருக்குத் தொழிற்சாலை மேலாளர் ஜாங்கோ ரைன்ஹார்ட்டின் இசைத்தட்டைப் போட்டுக் காட்டினார். தீ விபத்தில் இரு விரல்கள் செயலிழந்த பின்னும் ஜாஸ் கிதாரில் மேதையாக விளங்கியவர் ரைன்ஹார்ட். அதன் பிறகு ஐயோமி பாத்திரம் கழுவும் திரவம் அடைத்துவந்த பிளாஸ்டிக் புட்டியை உருக்கி, தையற்காரர் விரலில் மாட்டும் கூட்டைப்போல் இரண்டு உறைகள் செய்து, கம்பியைப் பற்றுவதற்காக அவற்றின்மேல் பழைய தோலை ஒட்டிக்கொண்டார். உறையின் வழியே கம்பியின் தொடுவுணர்வு தெரியாது. ஆகவே எவ்வளவு அழுத்த வேண்டும் என்பதைக் காதாலேயே அவர் அறிய வேண்டியிருந்தது. அழுத்துவதற்கு எளிதாக இருக்கும்பொருட்டு, பாஞ்சோ என்னும் கருவிக்குரிய மெல்லிய கம்பிகளைக் கிதாரில் பூட்டினார். எல்லா விரல்களும் பரந்து நிற்க வேண்டிய சுரக்கூட்டுகளைக் குறைத்து, ஆதார சுரமும் அதன் ஐந்தாம் சுரமும் மட்டும் சேர்ந்து முழங்கும் பவர் கார்டுகளை மிகுதியாகக் கையாண்டார். கம்பிகளைத் தளர்த்திச் சுருதியைத் தாழ்த்தியதே இந்த ஒலியின் கனத்துக்குக் காரணம் என்று பலரும் கூறுவதுண்டு. ஆனால் அந்த முறை 1971இல் வந்த மூன்றாவது ஆல்பத்தில்தான் இடம்பெற்றது. முதல் ஆல்பம் வழக்கமான சுருதியிலேயே இருக்கிறது. அதன் கனம் வேறிடத்திலிருந்து வந்தது.

அந்த இடத்தை முதல் பாட்டிலேயே காணலாம். மழை பெய்கிறது, தொலைவில் ஆலய மணி அடிக்கிறது, இடி உருள்கிறது. பிறகு கிதார் மூன்றே சுரங்களை இசைக்கிறது. தாழ்ந்த ஜி, அதன் மேல் ஜி, அடுத்து இடையில் விழும் சி ஷார்ப். கர்நாடக இசையின் பெயர்களில் சொன்னால் கீழ் ஸட்ஜம், மேல் ஸட்ஜம், பிரதி மத்யமம். மூன்று முழுச் சுரங்களின் தொலைவு என்பதால் டிரைடோன் எனப்படும் இந்த இடைவெளியை, 18ஆம் நூற்றாண்டின் ஐரோப்பிய இசை நூல்கள் 'இசையில் சாத்தான்' என்று பொருள்படும் லத்தீன் தொடரால் குறித்தன. அதே பிரதி மத்யமம் கல்யாணி ராகத்தில் மங்கலமாக ஒலிப்பதைக் கேட்டுப் பழகியவர்களுக்கு இது வியப்பாகத் தோன்றலாம். கல்யாணியில் அது பஞ்சமத்தை நோக்கி ஏறிச் சென்று இளைப்பாறுகிறது. இங்கோ பஞ்சமத்தைத் தொட்டும் தொடாமலும் நடுங்கிவிட்டு, ஓரிடத்திலும் அமராமல், மறுபடி கீழ் ஸட்ஜத்தின் முழக்கத்துக்கே திரும்புகிறது. இப்படித் திரும்பத் திரும்ப வரும் சிறு கிதார் தொடரை ரிஃப் என்பார்கள். ஹோல்ஸ்ட் என்ற ஆங்கில இசையமைப்பாளரின் 'செவ்வாய்' என்ற படைப்பில் பட்லருக்கு இருந்த ஈடுபாட்டிலிருந்து இந்த ரிஃப் முளைத்தது. ஆனால் அச்சத்தைச் செய்வது சுரம் மட்டுமன்று, சுரங்களுக்கிடையே விடப்படும் நேரம். அடுத்த அடி எப்போது விழும் என்று காது காத்திருக்கும் அந்த நீண்ட வெளியில்தான் கனம் ஏறுகிறது. வார்டின் டிரம்ஸ் அந்த வெளியை நிரப்பிவிடாமல், விளிம்பில் உருண்டு நின்றுவிடுகிறது.

லண்டனின் ரீஜன்ட் சவுண்ட் ஒலிப்பதிவுக்கூடத்தில், 1969 அக்டோபர் 16 அன்று, ஏறக்குறைய பன்னிரண்டு மணி நேரத்தில் ஆல்பம் முழுவதும் பதிவாகிவிட்டது. தயாரிப்பாளர் ராட்ஜர் பெயின். ஒலிப்பொறியாளர் டாம் அல்லம். குழுவினர் மேடையில் வாசிப்பதைப் போலவே சேர்ந்து வாசிக்க, ஆஸ்போர்ன் தனிச் சிற்றறையில் நின்று அதே நேரத்தில் பாடினார். மழை, மணி ஓசைகளும், சில இடங்களில் கிதாரின் இரண்டாம் அடுக்குமே பின்னர் சேர்க்கப்பட்டவை. ஒரு பாட்டைப் பதிவுசெய்த சிறிது நேரத்தில் ஐயோமியின் ஃபெண்டர் ஸ்ட்ராட்டோகாஸ்டர் கிதாரில், கம்பியின் அதிர்வை மின் அலையாக மாற்றும் பிக்கப் பழுதாகிவிட, மாற்றாக வைத்திருந்த கிப்சன் எஸ்.ஜி. கிதாரை எடுத்தார், அதுவே பின்னாளில் அவருடைய அடையாளமாயிற்று. பிழை நேர்ந்தால் திரும்ப வாசித்துச் சீர்செய்துகொள்ளும் அவகாசம் அவர்களுக்கு இல்லை. அந்த அவசரமே இத்தட்டுக்கு உயிரூட்டியது என்று துணிந்து கூறலாம்.

எல்லாப் பாடல்களும் சம தரத்தில் இல்லை. 'ஈவில் வுமன்' வேறொரு குழுவின் பாட்டு. தட்டின் நெருக்கமான உலகில் அது ஒட்டாமலே நிற்கிறது. 'தி விசார்ட்' ஹார்மோனிகாவோடு நடைபோடுகிறது, 'என்.ஐ.பி.' பட்லரின் தனி பேஸ் வாசிப்பில் தொடங்கிப் பெரும் ரிஃபாக விரிகிறது.

ஆல்பத்தின் உறையில், ஆக்ஸ்ஃபோர்டுஷயரிலுள்ள மேப்பிள்டர்ஹம் தண்ணீர் ஆலையின் முன்னே கருமேலங்கி அணிந்த ஒரு பெண் நிற்கிறாள். உறையின் உட்பக்கத்தில் குழுவினரைக் கேட்காமலே தலைகீழ்ச் சிலுவை ஒன்று வரையப்பட, சாத்தானை வழிபடுவோர் என்ற பெயர் அவர்களைத் தொற்றிக்கொண்டது. முதல் பாட்டோ, தன் முன்னே தோன்றும் கரிய உருவத்தைக் கண்டு நடுங்கி இறைவனை அழைப்பவனின் குரல். ஆஸ்போர்னின் தந்தை நால்வருக்கும் உலோகத்தில் சிலுவைகள் செய்து கொடுத்தார். அவற்றை அவர்கள் கழுத்தில் அணிந்துகொண்டார்கள்.

விமர்சகர்கள் கடுமையாகவே எழுதினார்கள். 'ரோலிங் ஸ்டோன்' இதழில் லெஸ்டர் பேங்ஸ், க்ரீம் குழுவோடு ஒப்பிட்டு இதைத் தாழ்த்தினார். ஆனால் மக்கள் வாங்கினார்கள்: பிரிட்டிஷ் விற்பனைப் பட்டியலில் எட்டாம் இடமும், அமெரிக்காவில் இருபத்து மூன்றாம் இடமும் இதற்குக் கிடைத்தன.

2025 ஜூலை 5 அன்று, ஆஸ்டனிலுள்ள வில்லா பார்க் கால்பந்து மைதானத்தில், தாங்கள் வளர்ந்த தெருக்களுக்கு அருகிலேயே, நால்வரும் இருபது ஆண்டுகளுக்குப் பின் ஒன்றாக மேடையேறினார்கள். வாசித்தவை நான்கே பாடல்கள். முதல் ஆல்பத்திலிருந்து 'என்.ஐ.பி.' அவற்றில் ஒன்றாக இருந்தது. நடக்க இயலாத ஆஸ்போர்ன் அரியணை போன்ற இருக்கையில் அமர்ந்தபடியே பாடினார். பதினேழு நாட்கள் கழித்து, ஜூலை 22 அன்று, அவர் காலமானார்.