விரலசைவுக்கு முந்திய அரை விநாடி

எதிரே ஏறக்குறைய இரண்டரை விநாடிக்கு ஒரு சுற்றாக வட்டமிடும் ஓர் ஒளிப்புள்ளி. தலையில் ஒட்டப்பட்ட மின்வாய்கள். கைத்தசையின் மீதும் அப்படியே. நாற்காலியில் அமர்ந்திருக்கும் மாணவருக்கு இடப்பட்ட வேலையெல்லாம், தமக்குத் தோன்றும்போது மணிக்கட்டையோ விரலையோ சற்றே மடக்குவதும், மடக்கலாம் என்ற எண்ணம் உதித்த கணத்தில் அப்புள்ளி வட்டத்தில் எங்கே இருந்தது என்பதைப் பிறகு சொல்வதுமே. ஸான் பிரான்ஸிஸ்கோவிலுள்ள கலிபோர்னியா பல்கலைக்கழகத்தில் பெஞ்சமின் லிபெட்டும் அவருடைய சகாக்களும் நடத்தி 1983-இல் பிரசுரித்த இந்த எளிய சோதனையைப் போல, மனிதனுக்குச் சுயேச்சை உண்டா என்ற புராதன வினாவைக் கலக்கிவிட்ட சோதனை வேறொன்று இல்லை என்றே சொல்லலாம்.

சர்ச்சை என்னவோ பழையது. மறதியும் நாப்பிழையுங்கூடக் காரணமின்றி நிகழ்வதில்லை, அவற்றின் வேர் நனவிலி மனத்தில் இருக்கிறது என்று வாதித்த பிராய்டும், அந்த உள்மன ஆராய்ச்சியையே ஒதுக்கிவிட்டு, செயலின் பலாபலன்களே நடத்தையை உருவாக்குகின்றன என்று 1971-இல் ஒரு நூலெழுதி அமெரிக்காவில் பெருஞ்சச்சரவைக் கிளப்பிய ஸ்கின்னரும், மற்ற விஷயங்களில் எதிரெதிரே நின்றாலும், சுயேச்சை ஒரு மயக்கமே என்பதில் ஒரே கட்சியினர். இக்கட்சிக்கு நியதிவாதம் என்று பெயர். இதை நம்மவர் பலர் ‘தலைவிதி’ என்று எடுத்துக்கொள்கிறார்கள், அது பிசகு. விதியை நம்புகிறவர், மருந்து உண்டாலும் உண்ணாவிட்டாலும் முடிவு ஒன்றுதான் என்பார்; நியதிவாதியோ, உண்டால் ஒரு விளைவு, உண்ணாவிட்டால் வேறொரு விளைவு, ஆனால் நீர் உண்பீரா மாட்டீரா என்பதும் முந்திய காரணங்களால் அமைந்ததே என்பார். எதிர்க்கட்சியில் வில்லியம் ஜேம்ஸ் இருக்கிறார்: மனச்சோர்வில் ஆழ்ந்திருந்த தம் இளமையில், 1870-இல், ரெனூவியே என்னும் பிரெஞ்சுத் தத்துவஞானியைப் படித்துவிட்டு, சுயேச்சை உண்டென்று நம்புவதையே தம்முடைய முதல் சுயேச்சைச் செயலாகக் கொள்வதென்று நாட்குறிப்பில் எழுதிவைத்தவர் அவர்.

நம்பிக்கையாகவும் வாதமாகவும் இருந்ததை அளவுகோலுக்குக் கொண்டுவந்ததுதான் லிபெட்டின் காரியம். உடலசைவுக்குச் சற்று முன்பே மூளையில் மெல்ல எழும் ஒரு மின் அலை உண்டென்று ஜெர்மனியின் பிரைபர்க் நகரில் கோர்ன்ஹூபரும் டீக்கேயும் 1960-களிலேயே கண்டிருந்தார்கள். அதற்கு ‘ஆயத்த அலை’ என்று பெயர் வைத்துக்கொள்ளலாம். லிபெட்டின் மாணவர்கள் தமக்கு எண்ணம் உதித்ததாகக் குறித்த கணம், தசை அசைவதற்கு 200 மில்லி விநாடிக்கு, அதாவது ஒரு விநாடியில் ஐந்தில் ஒரு பங்குக்கு, முந்தியது. ஆயத்த அலையோ அசைவுக்கு 550 மில்லி விநாடிக்கு முன்பே கிளம்பியிருந்தது. ரயில் நகர்ந்த பிறகு பச்சைக்கொடியை விரித்து, தம் கொடியால்தான் அது நகர்ந்தது என்று எண்ணிக்கொள்ளும் கார்டைப் போன்றதே நம் பிரக்ஞை என்று பலர் முடிவு கட்டிவிட்டார்கள். 2008-இல் ஹெய்ன்ஸ் என்பவருடைய ஜெர்மானியக் குழு, மூளையைப் படமெடுத்து, ஒருவர் அழுத்தப்போவது இடக்கைப் பொத்தானையா வலக்கைப் பொத்தானையா என்பதைச் சில விநாடிகளுக்கு முன்பே ஊகிக்கலாம் என்றது. ஊகம் பலித்தது நூற்றுக்குச் சுமார் அறுபது. காசைச் சுண்டிப் போட்டாலே ஐம்பது பலிக்கும்.

ஆயத்த அலை எதைக் காட்டுகிறது என்பதிலும் ஐயம் எழுந்தது. ஒரே முயற்சியில் அது தெளிவாகத் தெரிவதில்லை. நாற்பது முயற்சிகளை அசைவுக் கணத்தில் ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கிச் சராசரி கண்டபோதே லிபெட்டுக்கு அது கிடைத்தது. மூளையின் மின்னோட்டம் வெளித்தூண்டல் ஏதுமின்றியே எப்போதும் ஏறியிறங்கிக் கொண்டிருப்பது. இப்போதே மடக்கவேண்டும் என்ற நிர்ப்பந்தம் இல்லாதபோது, அவ்வேற்றம் ஒரு வரம்பைத் தொடும் சமயத்தில் விரல் மடங்குகிறது. அத்தகைய சமயங்களை மட்டும் பொறுக்கிப் பின்னோக்கிச் சராசரி கண்டால், மெல்ல ஏறும் கோடு தானே கிடைக்கும் என்று 2012-இல் ஷுர்கரும் அவருடைய கூட்டாளிகளும் விளக்கினார்கள். அப்படியானால் அலையின் தொடக்கத்தைத் தீர்மானத்தின் தொடக்கம் என்று கொள்வதற்கில்லை.

எனக்கு உறுத்துவது இன்னொன்று. இப்போது மடக்கினாலும் மூன்று விநாடி கழித்து மடக்கினாலும் லாபநஷ்டம் ஏதுமில்லாத விரலசைவை வைத்து, இருக்கும் வேலையை விடலாமா என்று ஒருவர் இரவெல்லாம் புரண்டு யோசிப்பதை எப்படி எடைபோடுவது? அம்மாணவர் உண்மையில் தீர்மானித்தது, தலையில் மின்வாய்களை ஒட்டிக்கொண்டு அந்த நாற்காலியில் உட்காரச் சம்மதித்தபோது. அதை எந்தக் கருவியும் அளக்கவில்லை. அந்தச் சம்மதத்துக்கும் முற்காரணங்கள் உண்டென்று நியதிவாதி சொல்லலாம். சொல்லட்டும், ஆனால் அதற்கு விரலசைவைச் சாட்சிக்கு அழைப்பது செல்லாது.

லிபெட்டே அவ்வாறு அழைக்கவில்லை. எண்ணம் உதித்த பின் அசைவு தடுக்கமுடியாததாகும் முன், சுமார் 100 மில்லி விநாடி அவகாசம் எஞ்சுகிறது என்றும், அதற்குள் ‘வேண்டாம்’ என்று மறுக்கும் அதிகாரம் பிரக்ஞைக்கு உண்டு என்றும் அவர் வாதித்தார். அந்த மறுப்புக்கும் முன்னதாக அறியாத மூளைச்செயல் ஒன்று இருக்காதா என்று கேட்டவர்களுக்கு, இருந்தேயாக வேண்டும் என்பதில்லை என்று பதில் சொன்னார். சுயேச்சை இல்லையென்று நிரூபித்தவராகப் பலரும் இன்று பெயர் சொல்லும் அந்த மனிதர், 2007-இல் காலமாகும்வரை சுயேச்சையைக் கைவிடவில்லை.