வந்தவர் கணக்கும் வாங்கியவர் கணக்கும்

மாறாமலை, வேளிமலைப் பகுதிகளில் விளையும் கன்னியாகுமரி கிராம்புக்கு 2021இல் புவிசார் குறியீடு கிடைத்தது. மட்டி வாழைப்பழத்துக்கு 2023இல். பெயர் பரவியதும் வெளியூர்க்காரர் முதலில் தேடுவது செல்போனில்தான். நாகர்கோவில், மார்த்தாண்டம் வியாபாரிகளுக்கு இணையதளம் இன்னொரு கடைவாசல்.

தளம் திறந்ததும் பலர் கூகுள் அனலிட்டிக்ஸைப் பொருத்துகிறார்கள். எத்தனை பேர், எந்த ஊரிலிருந்து வந்தார்கள், எதைப் பார்த்தார்கள் என்று அது சொல்லும்; யார் என்று சொல்லாது. பெயர், மின்னஞ்சல், செல்போன் எண் எதையும் அதற்குள் அனுப்பக் கூடாது என்பது கூகுளின் விதி. வாடிக்கையாளர் விவரங்களைப் பராமரிக்கும் சிஆர்எம் மென்பொருளிலோ பெயரும் ஆர்டரும் இருக்கும். வாடிக்கையாளர் வந்த வழி இருக்காது. விளம்பரத்துக்குப் போட்ட பணம் திரும்பியதா என்று கேட்டால், இரண்டுக்கும் தனியாகப் பதில் தெரியாது.

இரண்டும் சேரும் இடம் விசாரணைப் படிவம். வாட்ஸ்ஆப்பில் அனுப்பும் லிங்கின் வாலில், எந்த வழியாக வந்தவர் என்று காட்டும் ஒரு யூடிஎம் குறியீடு, இன்ஸ்டாகிராம் விளம்பரத்துக்கு வேறொன்று. படிவத்தில் கண்ணுக்குத் தெரியாத ஒரு கட்டம் அந்தக் குறியீட்டை வாங்கிக்கொள்ளும். கொல்கத்தா மசாலா வியாபாரி ஒருவர் பெயரும் எண்ணும் எழுதி அனுப்பினால், ‘இன்ஸ்டாகிராம், கிராம்பு விளம்பரம்’ என்ற குறிப்பும் கூடவே சிஆர்எம்மில் பதிவாகும். ஆறு மாதம் கழித்து அவர் மூட்டைக் கணக்கில் கிராம்பு எடுத்தால், அந்த வியாபாரம் எந்த விளம்பரத்தில் தொடங்கியது என்று அப்போதும் தெரியும். ஆயிரம் பேர் பார்த்து யாரும் வாங்காத விளம்பரத்தை நிறுத்திவிடலாம்.

இந்தக் கருவிகளுக்கு அமெரிக்காவைப் பார்க்க வேண்டியதில்லை. தென்காசி அருகே மத்தளம்பாறையிலும் அலுவலகம் நடத்தும் சோஹோவின் சேல்ஸ்ஐக்யூ, தளத்துக்கு வருபவரின் நடமாட்டத்தை அதே நிறுவனத்தின் சிஆர்எம்முடன் இணைக்கிறது.

ஆனால் பெயரோடு சேர்ந்த நொடியிலேயே, வெறும் எண்ணிக்கை ஒரு மனிதரின் தனிப்பட்ட தகவலாகிவிடுகிறது. 2023ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், என்ன தகவல், எதற்காக என்று தெளிவாகச் சொல்லிச் சம்மதம் வாங்கச் சொல்கிறது. அந்த அறிவிப்பைத் தமிழில் கேட்டுப் பெறவும் வழி செய்கிறது. கொடுத்த சம்மதத்தைக் கொடுத்த அளவுக்கு எளிதாகத் திரும்பப் பெறவும் முடிய வேண்டும்.

ஆகவே மறைவான கட்டத்தை வைப்பவர், அதைப் பற்றிப் படிவத்தின் கீழேயே தமிழில் எழுத வேண்டும்: “நீங்கள் எந்த விளம்பரம் வழியாக வந்தீர்கள் என்பதையும் உங்கள் பெயரோடு குறித்துக்கொள்கிறோம். வேண்டாம் என்றால் சொல்லுங்கள், அழித்துவிடுகிறோம்.” சொன்னபடி அழிக்கவும் வேண்டும். வாடிக்கை நிலைப்பது அந்த நம்பிக்கையில்தான்.