உடனிகழ் பொறியியலும் கூட்டு முயற்சியும்

"முதற்கோணல் முற்றுங் கோணல்" என்பது எம்மவர் வழங்கிவரும் பழமொழி. அத்திவாரம் இடும்போது நூல் பிடித்தவன் சற்றே கண்ணயர்ந்தால் அப்பிழை சுவரிலும் ஏறும், கூரையிலும் ஏறும். ஆயின், அக்கோணலால் இடர்ப்படுபவர் யாவர்? நூல் பிடித்தவனல்லன், நிலை பொருத்த வரும் தச்சனும் ஓடு வேய வருபவனுமே இடர்ப்படுவர். பிழை செய்தவன் ஒருவன், அதன் பயனை நுகர்பவன் வேறொருவன் என்னும் இந்நிலைமை வீடு கட்டுதற்கு மட்டும் உரியதன்று. மோட்டார் வண்டி முதல் ஆகாய விமானம் ஈறாக, இன்றைய கைத்தொழிலுலகம் ஆக்கும் பொருள்கள் பலவற்றுக்கும் அது பொதுவானது. அதனை இயன்றவரை நீக்குதற்பொருட்டு வகுக்கப்பட்ட முறையே "உடனிகழ் பொறியியல்" எனப்படும். அதன் இயல்பையும் வரலாற்றையும் எல்லையையும் சுருங்கக் கூறுதல் இக்கட்டுரையின் நோக்கமாகும்.

முதலிற் பழைய முறையை நோக்குவாம். புதியதொரு பொருளை ஆக்கக் கருதும் தொழிற்சாலையிலே, சந்தையை ஆராயும் பகுதியினர் மக்கள் விரும்புவது இன்னதென எழுதிக் கொடுப்பர். அதனைக் கொண்டு வடிவமைப்போர் வரைபடம் வரைவர். வரைபடம் முற்றுப்பெற்று ஒப்பமிடப்பட்ட பின்னரே அது உற்பத்திப் பகுதியினர் கைக்குச் செல்லும். அவர்கள் அதற்கேற்ற அச்சுக்களையும் கருவிகளையும் செய்வர். கொள்வனவு செய்வோர் வெளியிலிருந்து பெறவேண்டிய பாகங்களைத் தேடுவர். பொருள் விற்பனையாகிப் பழுதுற்ற பின்னரே பழுதுபார்ப்போர் அதனைத் தொடுவர். ஒவ்வொரு பகுதியினரும் தத்தம் வேலையை முடித்து, அதனை மதிலுக்கு மேலால் அயல் வளவுக்குள் எறிந்துவிடுகின்றனர் என மேனாட்டார் இதனை எள்ளிக் கூறுவர்.

இம்முறை பார்வைக்கு ஒழுங்குடையது. ஒவ்வொருவர் கடமையும் தெளிவாக வரையறுக்கப்பட்டது. எனினும் அதன்கண் பெருங்குறையொன்று உண்டு. ஒரு துளையின் இடத்தை மாற்றவேண்டியுள்ளது எனக் கொள்வோம். வரைபடம் மேசைமீது இருக்கும்போது, ஒரு கோட்டை அழித்து வேறொரு கோடு இடுதலோடு அவ்வேலை முடிந்துவிடும். அச்சு உருக்கில் வெட்டப்பட்ட பின்னராயின் அவ்வச்சையே கழித்துவிட நேரலாம். பொருள் விற்கப்பட்டு ஆயிரம் இல்லங்களுக்குச் சென்ற பின்னராயின், அத்தனையையும் மீள அழைத்துத் திருத்தல் வேண்டும். பிழை ஒன்றே, அது கண்டறியப்படுங் காலமே அதன் விலையை நிர்ணயிக்கின்றது. பழைய முறையிலோ, பிழையைக் காணவல்லவர் வரிசையின் கடைசியிலே நிற்கின்றனர்.

உடனிகழ் பொறியியல் இவ்வரிசையைக் குலைக்கின்றது. வடிவமைப்போர், உற்பத்தி செய்வோர், பாகங்களை வழங்குவோர், பழுதுபார்ப்போர், பாவனையாளர் ஆகிய பல திறத்தாரும் தொடக்கத்திலேயே ஒரு குழுவில் அமர்ந்து, பொருளின் வடிவத்தையும் அதனை ஆக்கும் வழியையும் பேணும் வழியையும் ஒருங்கே ஆராய்ந்து தீர்மானித்தலே அதன் சாரம். 1988 ஆம் ஆண்டில் அமெரிக்காவின் பாதுகாப்புப் பகுப்பாய்வு நிறுவகம் வெளியிட்ட அறிக்கையொன்று இப்பெயரையும் அதன் வரைவிலக்கணத்தையும் நிலைநிறுத்தியது.

பெயர் புதியதாயினும் கருத்து முற்றும் புதியதன்று. பண்டைக் கம்மியன் தானே எண்ணித் தானே செய்தான். அவனிடத்தே வடிவமைப்போனும் உற்பத்தியாளனும் ஒருவனே. பெருந்தொழிற்சாலைகள் தோன்றியபோதும் இவ்வொருமை உடனே மறைந்துவிடவில்லை. 1908 ஆம் ஆண்டில் வெளிவந்த ஃபோர்ட் "மொடல் ரி" மோட்டார் வண்டி, டெட்ரோயிற் நகரத்துத் தொழிற்சாலையொன்றின் மூன்றாந் தளத்திலே, தனியாக அடைக்கப்பட்ட ஓர் அறையில் உருப்பெற்றது. ஜோசப் கலாம்ப் என்பவர் கரும்பலகையில் வரைய, ஹென்றி ஃபோர்டும் துணைவர் சிலரும் அருகிருந்து ஆராய்ந்தனர். பின்னர்த் தொழிற்சாலைகள் வளர வளரப் பகுதிகளும் பெருகின. விஞ்ஞான முறை முகாமையைப் பற்றி 1911 இல் நூல் வெளியிட்ட பிரெட்ரிக் டெயிலர், திட்டமிடுதல் ஒரு சாராருக்கும் செய்து முடித்தல் மற்றொரு சாராருக்கும் உரியன என வகுத்தார். இப்பிரிவினை உற்பத்தியைப் பெருக்கியது என்பதில் ஐயமில்லை. ஆயினும் கை கண்ட அறிவு கருத்துக்கு எட்டாதவாறு இடையே மதிலொன்றையும் அது எழுப்பிற்று.

இம்மதிலில் வாயில் வைத்தோருள் யப்பானியர் குறிப்பிடத்தக்கவர். டொயோட்டாக் கொம்பனி 1950களின் தொடக்கத்திலே, ஒரு புதிய வண்டிக்குத் தொடக்கமுதல் இறுதிவரை பொறுப்பேற்கும் தலைமைப் பொறியியலாளர் ஒருவரை நியமிக்கும் வழக்கத்தை மேற்கொண்டது. 1955 இல் வெளியான "கிறவுண்" வண்டிக்கு அப்பொறுப்பை ஏற்றவர் கென்யா நக்கமுரா. 1966 இல் வெளியான "கொறொல்லா"வுக்குத் தலைமை தாங்கிய தத்சுவோ ஹசெகாவா, போர்க்காலத்தில் விமானங்களை வடிவமைத்தவர். விமானத் தொழிலில் ஒருவரே முழு விமானத்துக்கும் பொறுப்பேற்கும் முறையை மோட்டார்த் தொழிலுக்குக் கொணர்ந்தவர். இத்தகைய தலைமைப் பொறியியலாளர் எல்லாப் பகுதியினர்க்கும் நேரடி அதிகாரி அல்லர். எனினும் வண்டியின் குணங் குற்றங்களுக்கு விடையிறுக்க வேண்டியவர் அவரே. 1986 இல் தக்கெயுச்சி, நொனாக்கா என்னும் யப்பானிய அறிஞர் இருவர், ஹார்வார்ட் பல்கலைக்கழகச் சார்பான வணிகச் சஞ்சிகையொன்றிலே, பழைய முறையை அஞ்சலோட்டத்துக்கும் புதிய முறையை றக்பி ஆட்டத்துக்கும் ஒப்பிட்டனர். முன்னையதில் கோல் தன் கைக்கு வருமளவும் அடுத்தவன் காத்து நிற்பான்; பின்னையதில் குழு முழுவதும் பந்தை முன்னும் பின்னுமாகக் கைமாற்றியவாறு ஒருங்கே முன்னேறும்.

இனி, இம்முறை மிகப் பெரிய அளவிற் கையாளப்பட்ட ஓர் எடுத்துக்காட்டை நோக்குவாம். அமெரிக்காவின் போயிங் கொம்பனி 1990 ஆம் ஆண்டு ஒக்ரோபர் மாதத்தில், யுனைற்றெட் விமான சேவையினர் 34 விமானங்களுக்கு ஆணை கொடுத்ததைத் தொடர்ந்து, "777" என்னும் இரட்டை எந்திர விமானத்தை ஆக்கத் தொடங்கியது. ஏறத்தாழ 30 இலட்சம் உறுப்புக்களால் ஆய அவ்விமானத்தை ஒரு தனிமனிதன் தன் உள்ளத்தில் முழுமையாக அமைத்துக்கொள்ளுதல் இயலாது. ஆதலின், இறகு, கதவு, எரிபொருட்டாங்கி எனப் பகுதி பகுதியாகப் பிரித்து, 200க்கு மேற்பட்ட "வடிவமைப்பு ஆக்கக் குழுக்கள்" நிறுவப்பட்டன. ஒவ்வொரு குழுவிலும் வரைவோரோடு, கருவி செய்வோரும் உற்பத்தியாளரும் பேணற் பகுதியினரும் சேர்ந்திருந்தனர். முதலிற் பில் கொண்டிற் என்பவரும், அவருக்குப் பின் அலன் மலாலி என்பவரும் இப்பெருமுயற்சிக்குத் தலைமை தாங்கினர். "சேர்ந்து உழைத்தல்" என்பதே அவர்கள் கொண்ட தாரக மந்திரம்.

இவ்விமானத்தைப் பொறுத்தவரை இரண்டு புதுமைகள் சிறப்பாகக் கருதத்தக்கன. முதலாவது, வாங்குவோரையும் குழுவிற் சேர்த்தமை. பிரிற்றிஷ் எயர்வேய்ஸ், குவான்ரஸ், யப்பான் எயர்லைன்ஸ் முதலிய 8 விமான சேவையினர் வடிவமைப்பின் தொடக்கத்திலேயே அழைக்கப்பட்டனர். எரிபொருள் நிரப்பும் வாயில், தமது எரிபொருள் வண்டிகளுக்கு எட்டாத உயரத்தில் இறகிலே அமைந்திருப்பதை யுனைற்றெட் சேவையினர் சுட்டிக் காட்டினர். வானிற் பறத்தலைப் பற்றி நுணுகி ஆராய்ந்த பொறியியலாளர், விமானம் நிலத்தில் நிற்கும்போது கீழிருந்து கை நீட்டுபவனை மறந்துவிட்டனர். அவன் நிலையை அறிந்தவர் அக்கூட்டத்தில் இல்லாதிருப்பின், பிழை விமான நிலையத்திலேதான் வெளிப்பட்டிருக்கும்.

இரண்டாவது புதுமை கணினியின் பயன்பாடு. முன்னாளில், வரைபடங்கள் ஒன்றோடொன்று பொருந்துமோ என அறிதற்கு முழு அளவான மாதிரி விமானத்தை ஆக்கிப் பார்த்தனர். 777 விமானத்துக்கோ, பிரான்சு நாட்டின் டசோல்ற் கொம்பனியார் ஆக்கிய "கற்றியா" என்னும் மென்பொருளைக் கொண்டு, உறுப்புக்கள் யாவும் முப்பரிமாண வடிவில் கணினியில் வரையப்பட்டன. ஒருவர் வரைந்த குழாய் மற்றொருவர் வரைந்த சட்டத்தை ஊடுருவிச் செல்லுமாயின் கணினி அதனைக் காட்டிற்று. பழுதுபார்ப்போன் ஒருவனின் உருவத்தையும் கணினியில் அமைத்து, அவன் உடல் நுழையுமோ, கை எட்டுமோ எனவும் சோதித்தனர். ஐயந் தீர்தற்பொருட்டு விமானத்தின் முன்பகுதிக்கு மட்டும் மெய்யான மாதிரியொன்று செய்யப்பட்டது; அது நன்கு பொருந்தியமையின் ஏனைய பகுதிகளுக்கு மாதிரி செய்தல் கைவிடப்பட்டது.

பயன் யாதெனின், முதல் விமானத்தின் உடற்பகுதிகளைப் பொருத்தியபோது, நேர்கோட்டிலிருந்து ஏற்பட்ட விலகல் ஏறத்தாழ அரை மில்லிமீற்றர் அளவே எனக் கணிக்கப்பட்டது. முன்னைய விமானங்களில் அரை அங்குலம்வரை விலகல் காணப்படுதல் வழக்கம். 1994 ஆம் ஆண்டு யூன் 12 ஆந் தேதி அவ்விமானம் முதன்முதலாகப் பறந்தது. 1995 ஆம் ஆண்டு யூன் 7 ஆந் தேதி இலண்டனிலிருந்து வொஷிங்டனுக்குப் பயணிகளை ஏற்றிச் சென்றது.

இவற்றைக் கேட்போர், வெற்றிக்குக் காரணம் கணினியே எனக் கருதல் கூடும். அக்கருத்துப் பொருந்தாது என்பதற்கு ஐரோப்பாவின் "எயர்பஸ் ஏ380" விமானம் சான்றாகும். உலகின் மிகப் பெரிய பயணிகள் விமானமாகிய அதற்கும் அதே மென்பொருளே பயன்பட்டது. ஆயினும் ஜேர்மனியின் ஹாம்பேர்க் நகரில் வேலை செய்தோர் அதன் பழைய பதிப்பையும், பிரான்சின் துலூஸ் நகரில் வேலை செய்தோர் புதிய பதிப்பையும் கையாண்டனர். ஒவ்வொரு விமானத்திலும் 500 கிலோமீற்றருக்கு மேற்பட்ட மின்கம்பி உண்டு. ஹாம்பேர்க்கிற் கட்டப்பட்ட கம்பித் தொகுதிகள் துலூஸ் வந்து சேர்ந்தபோது, அவற்றுட் பல வளைவுகளிற் சென்று சேரவேண்டிய இடத்தை எட்டவில்லை. ஜேர்மனியிலிருந்து தொழிலாளர் பல நூற்றுவர் துலூசுக்கு வரவழைக்கப்பட்டுக் கம்பிகளைக் கையாலேயே மாற்றிப் பொருத்த நேர்ந்தது. 2006 ஆம் ஆண்டிலே, விநியோகம் மொத்தமாக ஏறத்தாழ 2 ஆண்டுகள் தாமதமாகுமென அறிவிக்கப்பட்டது. 2010 வரையிலான இலாபத்தில் 480 கோடி யூரோ குறையுமென மதிப்பிடப்பட்டது. தலைவர்களும் பதவி விலகினர். முதல் விமானம் 2007 ஒக்ரோபரிலேதான் சிங்கப்பூர் எயர்லைன்ஸ் சேவையினர்க்கு வழங்கப்பட்டது. இரு நகரத்தாரும் திறமையிற் குறைந்தவரல்லர். ஒரே வரைபடத்தை ஒரே காலத்தில் இரு சாராரும் நோக்கவில்லை, குறை அவ்வளவே. மதில் கல்லாலும் ஆகலாம். பதிப்பு வேறுபாட்டாலும் ஆகலாம்.

இம்முறைக்கும் எல்லைகள் உண்டு என்பதை மறைத்தல் ஆகாது. முற்றுப்பெறாத வரைபடத்தை நம்பி அச்சு வெட்டத் தொடங்குபவன், வரைபடம் மாறினால் நட்டமடைவான். ஆதலின், எவ்வளவு எப்பொழுது உறுதியாகும் என முன்னரே உடன்படுதல் இன்றியமையாதது. பலர் கூடுமிடத்துப் பேச்சு மிகுந்து முடிவு குன்றுதலும் உண்டு. பொறுப்பேற்கும் தலைவர் ஒருவர் வேண்டப்படுவது இதனாலேயே. இன்னும், எந்நாளும் பல்துறைக் குழுவிலேயே அமர்ந்திருக்கும் பொறியியலாளன், தன் துறை வல்லாரிடமிருந்து பிரிந்து, தன் நுண்ணறிவு மழுங்கப் பெறுதலுங் கூடும். தொடக்கத்திலேயே பலரை அமர்த்துவதாற் செலவு முன்னதாகவே வரும். வரவோ பின்னரே தோன்றும். முதலாண்டுக் கணக்கை மட்டும் பார்ப்பவர்க்கு இம்முறை வீண் செலவாகவே காணப்படும்.

இவை யாவற்றிலும் பெரிய தடை மனித உள்ளத்திலேயே உள்ளது. கணிதம் கற்பிப்போர் நாடோறுங் காணும் காட்சியொன்று உண்டு. மாணவன் தான் கண்ட விடையை உவந்து காட்டுவான். செய்துகொண்டிருக்கும் வழியையோ கையால் மறைத்துக்கொள்வான். வழியைக் காட்டியிருந்தால் இரண்டாம் வரியிலே திருத்தப்பட்டிருக்கக்கூடிய பிழை, பத்தாம் வரிவரை வளர்ந்து விடையையும் கெடுத்துவிடும். வயது முதிர்ந்த பொறியியலாளனிடத்தும் இவ்வியல்பு நீங்குவதில்லை. குறைவேலையைக் காட்டினால் தன் மதிப்புக் குறையும் என அவன் அஞ்சுகின்றான். அவ்வாறு காட்டியவனை எள்ளாத சூழலும், எரிபொருள் நிரப்புபவன் கூறும் குறையையும் செவிமடுக்கும் பொறுமையும் இல்லாத தொழிற்சாலையிலே, குழு என்பது பெயரளவினதே. மேசையைச் சுற்றி அமர்ந்திருப்போர் ஒவ்வொருவரும் தத்தம் மதிலுக்குள்ளேயே இருப்பர்.

ஆகவே, உடனிகழ் பொறியியல் என்பது விரைவு பற்றிய கலையுமன்று. கணினி பற்றிய கலையுமன்று. பிழையின் பயனை நுகரவிருப்போன், அப்பிழை இன்னும் ஒரு கோடாக இருக்கும்போதே பேசுதற்கு இடங்கொடுக்கும் ஒழுங்கே அது. எமது மாணவருட் சிலர் நாளை பொறியியற்றுறை புகுவர்; வேறு சிலர் அலுவலகங்களிலும் வயல்களிலும் தொழில் புரிவர். எங்குச் சென்றாலும், ஒரு வேலையைத் தொடங்குமுன், இதனை எனக்குப் பின் கையேற்பவர் யார், அவரை நான் கேட்டேனா என ஒருமுறை தம்மைத் தாமே வினவுவராயின், பின்னர் நேரும் திருத்த வேலை பெரிதுங் குறையும் என்க.